எலுமிச்சை வாசம் இருக்கட்டும், புளிப்பு வேண்டாம்: பல்லை அரிக்காத ஊறல் தண்ணி

பீலிக்கரை (ஹட்டன்)

பெப்ரவரி பிறந்தா மலைநாட்டிலயும் பகல் வெயில் சுள்ளுனு அடிக்கும். அப்ப எல்லார் போத்தலுக்குள்ளயும் எலுமிச்சை வட்டம் மிதக்கும். சீனி இல்ல, சோடா இல்ல, அதனால பல்லுக்கு ஒண்ணும் ஆகாதுங்கிற நினைப்பு. பல் அரிக்கிறதுக்குச் சீனி வேணுங்கிறதில்ல, புளிப்பு மட்டுமே போதும். அது இந்த இழையில எழுதுறவங்களுக்குத் தெரிஞ்ச கதைதான்.

கேள்வி இது. வெறும் தண்ணி குடிக்கச் சலிக்கிறவங்களுக்குப் பழமோ இலையோ ஊறவச்ச வாசமான தண்ணி வேணும். பல்லோட மேல்படையான எனாமலைத் தொடக்கூடாது. கொதிச்சு ஆறின பீலித் தண்ணியிலயே (மலை ஊற்றுத் தண்ணி) செய்யணும். காலையில ஏழு மணிக்குத் தேயிலை மலைக்குக் கொண்டு போனா பகல் சாப்பாடு வரைக்கும் கெடக்கூடாது, அங்க பிரிஜ் கிடையாது. இந்த நாலும் ஒண்ணா அமையுமா? அளவோட எழுதுங்க. "கொஞ்சம் புதினா, ரெண்டு துண்டு வெள்ளரி" மாதிரிப் பதில் வேண்டாம்.

எனாமல் காவல் (கண்டி)

முதலில் எல்லையைப் போட்டுக்கொள்வோம். வாயில் பி.எச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கல்சியமும் பொஸ்பேற்றும் கரையத் தொடங்கும். ஈறு இறங்கி வேர் வெளியே தெரிகிறவர்களுக்கு எல்லை இன்னும் மேலே, 6.2 முதல் 6.7 வரை. வேர்ப்பகுதியில் எனாமல் கிடையாது, அங்கே இருப்பது மென்மையான டென்டின். ஆகவே வயதானவர்களுக்குச் செய்கிற தண்ணீரில் இன்னும் கண்டிப்பு வேண்டும்.

எலுமிச்சைச் சாறு 2 முதல் 2.8. ஐந்தரைக்கும் இரண்டரைக்கும் மூன்றுதானே வித்தியாசம் என்று தோன்றும். பி.எச் மடக்கைக் கணக்கு, ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு. மூன்று எண் என்றால் அமிலம் ஆயிரம் மடங்கு. போதாக்குறைக்கு எலுமிச்சையில் இருக்கிற சிற்றிக் அமிலம் கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணமுடையது. புளிப்பு தணிந்த பிறகும் அந்த வேலை கொஞ்சம் நடக்கும்.

இன்னொன்று, அளவை விடத் தடவைதான் கணக்கு. ஒரு கிளாஸ் எலுமிச்சைத் தண்ணீரைச் சாப்பாட்டோடு குடித்து முடித்தால் உமிழ்நீர் சற்று நேரத்தில் வாயைச் சமப்படுத்திவிடும். அதே கிளாஸைப் போத்தலில் ஊற்றிப் பத்து நிமிடத்துக்கு ஒரு மடக்கு என்று பகல் முழுக்கக் குடித்தால் சமப்படுத்த அவகாசமே கிடைக்காது. ஊறல் தண்ணீர் குடிக்கப்படுவதே இந்த இரண்டாவது முறையில்தான். சிக்கல் அங்கேதான்.

பிப்பெட் (பேராதனை)

"தண்ணி நிறைய ஊற்றிக் கரைச்சாப் போதாதா" என்று யாராவது கேட்கும் முன்னே கணக்கைப் போட்டு வைக்கிறேன்.

ஒரு லீற்றர் தண்ணீரில் 10 மி.லீ எலுமிச்சைச் சாறு, அதாவது இரண்டு தேக்கரண்டி. சாற்றில் ஏறத்தாழ 6 வீதம் சிற்றிக் அமிலம் என்று வைத்தால் 0.6 கிராம். பி.எச் 3 அளவில் வந்து நிற்கும். சாற்றைப் பத்தில் ஒன்றாக, 1 மி.லீ ஆகக் குறைத்தாலும் 4ஐ ஒட்டித்தான் நிற்கும். ஆக, தண்ணீரைக் கூட்டி 5.5ஐப் பிடிக்க முடியாது.

ஆனாலும் 1 மி.லீ போட்டதும் 10 மி.லீ போட்டதும் பல்லுக்கு ஒன்றல்ல. பி.எச் கிட்டத்தட்ட ஒரு எண்தான் மாறுகிறது, உமிழ்நீர் சமப்படுத்த வேண்டிய மொத்த அமிலமோ பத்தில் ஒன்றாகிவிடுகிறது. பி.எச்சை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

நம்ம தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். மலைநாட்டில் பெரும்பாலும் பழைய உருமாறிய பாறை, மேலே ஓயாத மழை. பீலித் தண்ணீர் மென்மையானது, புளிப்பைத் தாங்கிச் சமன் செய்கிற பைகாபனேற்று அதில் குறைவு. ஒரே அளவு சாறு கடினத் தண்ணீரை விட இங்கே பி.எச்சை அதிகம் இறக்கும். மாத்தளை, திகனைப் பக்கம் டொலமைட் இருக்கிற இடங்களில் கதை வேறு. கேத்தலின் உள்ளே வெள்ளைப் படை பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால் கடினம், வருஷக்கணக்கில் கொதிக்க வைத்தும் பளபள என்று இருந்தால் மென்மை.

ரம்பைக்காரி (பண்டாரவளை)

எலுமிச்சையில நமக்குப் பிடிச்சது ரெண்டு, வாசமும் புளிப்பும். ரெண்டும் ஒரே இடத்துல இல்ல. புளிப்பு உள்ளே சாத்துல. வாசம் தோலின் மேல் படையிலயும் இலையிலயும் இருக்கிற எண்ணெய்ல. சாத்தை விட்டுட்டு எண்ணெயை மட்டும் எடுத்தாப் பல்லுக்கும் நல்லது, நாக்குக்கும் குறையில்ல. நீர்மோர்ல எலுமிச்சை இலை, நாரத்தை இலை கசக்கிப் போடுறது நம்ம ஆளுங்களுக்குப் புதுசா என்ன?

ஒரு லீற்றருக்கு அளவு:

எலுமிச்சை இலை 4, கடும்பச்சையும் இல்லாம கொழுந்தும் இல்லாம நடுத்தரம். நடு நரம்பைக் கிழிச்சு எடுத்துடுங்க, கசப்பு அதுலதான் அதிகம். தண்ணியைக் கொதிக்க வச்சு அடுப்பை அணைச்சபிறகு இலையைப் போட்டு 10 நிமிஷம் மூடி வைங்க. இலையோட சேர்த்துக் கொதிக்க விட்டா வாசம் ஆவியோட போயிடும், கசப்பு மட்டும் மிஞ்சும்.

தோல்னா, உருளைக்கிழங்கு சீவுற கத்தியால 5 செ.மீ நீளம், 1 செ.மீ அகலத்துல ரெண்டு சீவல். பச்சை மட்டும் வரணும், வெள்ளை வந்தா அழுத்தம் கூடிப்போச்சுனு அர்த்தம். சீவலை ஓடுற தண்ணியில அலசித் துணியால ஒத்தி எடுங்க, கையில இருந்த சாறு ஒட்டியிருக்கும். ரெண்டு மணி நேரத்துல எடுத்துடணும். ராத்திரி முழுக்க விட்டா காலையில வேப்பங்காய்தான்.

சேர இலை, அதான் லெமன்கிராஸ். பேர்லயும் வாசத்துலயும் எலுமிச்சை இருக்கு, சிற்றிக் அமிலம் இல்ல. அந்த வாசம் சிட்ரல்ங்கிற எண்ணெய்ப் பொருள். அடித்தண்டு 10 செ.மீல ரெண்டு, அம்மிக் குழவியால ஒரு தட்டு, கூடவே ரம்பை (வாசனைக்குப் போடுற நீள இலை) 10 செ.மீ. இதை மட்டும் தண்ணியோட சேர்த்தே 3 நிமிஷம் கொதிக்க விடலாம், கசக்காது. துணியில வடிகட்டுங்க. இலை ஓரத்துச் சுணை தொண்டையில குத்தும்.

கொழுந்துக்கூடை (தலவாக்கலை)

அக்கா, சேர இல்லாத எடத்துல மானாப்புல் போடலாமா? ரெண்டும் ஒரே ஜாதினு சொல்றாங்க, வாசமும் கிட்டத்தட்ட அதேதான்.

ரம்பைக்காரி (பண்டாரவளை)

சொந்தக்காரங்கதான் தம்பி, அதுக்காகக் குடிக்கத் தோதாயிடாது. மானா மண்ணைத் தேத்துறதுக்கும் மூடாக்குக்கும் தோட்டத்துல நடுறது. கரடான வாசம், கசப்பு. அது நிக்கிற இடம் பெரும்பாலும் களைநாசினி அடிக்கிற இடமும்கூட. வேண்டாம். சேரக் குத்து ஒண்ணு வாங்கி லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) பின்னால நட்டா மூணு நாலு மாசத்துல வெட்டலாம்.

சமையல்கட்டு 1868 (நுவரெலியா)

எல்லோரும் பல்லையே பார்க்கிறீர்கள், வயிற்றை யார் பார்ப்பது?

பல்லுக்குச் சாது என்றால் கிருமிக்கும் சாது. உணவுப் பாதுகாப்பில் பி.எச் 4.6 என்று ஒரு கோடு உண்டு. அதற்குக் கீழே புளிப்பு இருந்தால் நோய்க் கிருமிகள் பெருகுவது கடினம், மேலே போனால் சுலபம். பல் வைத்தியர் 5.5க்கு மேலே வா என்கிறார், சமையல்கட்டு 4.6க்குக் கீழே நில் என்கிறது. எலுமிச்சைத் தண்ணீர் வெளியே கிடந்தாலும் ஓரளவு தாங்குவது அந்தப் புளிப்பால்தான். வெள்ளரி, தர்பூசணி, பப்பாசி போட்ட தண்ணீருக்கு அந்தக் காவல் கிடையாது. வெட்டிய பழத்தின் சீனியும் சத்தும் தண்ணீரில் இறங்குகிறது, தோலிலிருந்து கிருமியும் இறங்குகிறது.

ஆகவே பச்சையாகப் பழம் போட்ட தண்ணீரைச் செய்த கையோடு பிரிஜில் வைக்க வேண்டும், 5 பாகை செல்சியஸுக்குள். வெளியே அதிகபட்சம் 2 மணி நேரம். பழத்தை 4 மணி நேரத்தில் வடித்து எடுத்துவிட்டு, தண்ணீரை 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். பழத்தின் ஓரத்தில் சிறு குமிழி, போத்தலின் அடியில் வழுவழுப்பு, திறக்கும்போது "புஸ்" என்று ஒரு சத்தம், இதில் எது தெரிந்தாலும் ஊற்றிவிடுங்கள். மறுபடி கொதிக்க வைத்துக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம்.

பீலிக்கரை கேட்ட நாலும் வெள்ளரித் தண்ணீரில் அமையாது. மலைக்குக் கொண்டு போக ரம்பைக்காரி சொன்ன கொதித்த இலைத் தண்ணீர்தான் சரி.

மூடுபனி (நானுஓயா)

இங்க ராத்திரி பத்துப் பன்னிரண்டு பாகைக்கு இறங்கும். வெளியே வச்சாலே பிரிஜ் மாதிரித்தானே?

சமையல்கட்டு 1868 (நுவரெலியா)

மாதிரிதான், பிரிஜ் அல்ல. 5 பாகைக்கு மேலே, 60க்குக் கீழே எல்லாமே கிருமிக்குப் புழங்கும் இடம். 12 பாகையில் மெதுவாகப் பெருகும், அவ்வளவுதான். அடுப்படிச் சன்னலோரம் வைத்துவிட்டுக் காலையில் வெயில் விழும்போதுதான் நினைவு வரும்.

கொதிக்க வைப்பதிலும் நம் உயரம் கணக்கில் வர வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர், இங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. தளதள என்று கொதி வந்த பிறகு 1 நிமிடம் போதும், 2,000 மீற்றருக்கு மேலே என்றால் 3 நிமிடம் என்பது வழக்கமான வழிகாட்டல். நானுஓயா, நுவரெலியா, கந்தப்பளை ஆட்கள் மூன்று நிமிடமே வைத்துக்கொள்ளுங்கள். விறகு கொஞ்சம் கூடப் போகும், போகட்டும்.

எனாமல் காவல் (கண்டி)

பழங்களின் பி.எச் எண்களை இங்கே போட்டுவிடுகிறேன், ஆளாளுக்கு ஒன்று சொல்லிக் குழப்ப வேண்டாம். முலாம்பழம் 6.1 முதல் 6.6. பப்பாசி 5.2 முதல் 6. தர்பூசணி 5.2 முதல் 5.6. வெள்ளரி 5.1 முதல் 5.7. கரட் 5.9 முதல் 6.4. இவ்வளவுதான் பாதுகாப்பான பக்கம். தோடம்பழம் (ஆரஞ்சு) 3.7 முதல் 4.3, அன்னாசி 3.2 முதல் 4, அப்பிள் 3.3 முதல் 4, ஸ்ட்ரோபெரி 3 முதல் 3.9, மாதுளை 3 அளவில். பேஷன் பழமும் அப்படியே. மரத்தக்காளி நுவரெலியாச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது என்று சிலர் போடுகிறார்கள், அதுவும் மூன்றரையைச் சுற்றித்தான்.

வெள்ளரி எல்லைக்கோட்டில் நிற்கிறதே என்று பயப்பட வேண்டாம். இவை பழத்தின் எண்கள். வெள்ளரியில் மொத்த அமிலம் மிகக் குறைவு என்பதால் ஊறிய தண்ணீர் பெரும்பாலும் அந்தத் தண்ணீரின் சொந்த பி.எச்சிலேயே நிற்கும். அன்னாசி அப்படியல்ல, தண்ணீரையும் தன் பக்கம் இழுத்துவிடும்.

"மூலிகை" என்ற சொல்லுக்கும் மயங்க வேண்டாம். செம்பருத்தி வகையில் புளிச்சம்பூ காய்ச்சிய சிவப்புத் தண்ணீர் 3க்குக் கீழேயும் போகும். நெல்லிக்காய்த் தண்ணீரும் அந்தக் கூட்டம்தான். கடைகளில் வரும் மூலிகைத் தேநீர்ப் பைகளில் புளிச்சம்பூ, ரோஜாக்காய், சிற்றிக் அமிலம் இருக்கிறதா என்று பின்பக்க எழுத்தைப் படியுங்கள்.

ரம்பைக்காரி (பண்டாரவளை)

வெள்ளரித் தண்ணி வீட்டுல குடிக்க, 1 லீற்றர். பிப்பிஞ்ஞா (வெள்ளரி) தோல் சீவி 80 கிராம், 3 மி.மீ தடிப்பில 10 துண்டு போல வரும். வெட்டுறதுக்கு முந்தி காம்புப் பக்கத்து நுனியை நாக்குல வச்சுப் பாருங்க. கசந்தா அந்தக் காயே வேண்டாம், ஒரு துண்டு மொத்தப் போத்தலையும் கெடுத்துடும். முத்தின காய்னா விதையை வழிச்சு எடுங்க, தண்ணி குழகுழனு ஆகிறது அந்த விதையைச் சுத்தின சளியால. புதினா 6 இலை, உள்ளங்கையில வச்சு மறு கையால ஒரு தட்டு தட்டிப் போடுங்க. உரல்ல இடிச்சா பச்சைச் சாறு இறங்கிப் புல் நாத்தம் வரும், சுடுதண்ணியில போட்டா கறுத்துடும். பிரிஜ்ல 2 மணி நேரம், வடிச்சுடுங்க.

மிஞ்சின துண்டுல ரெண்டாம் தடவை தண்ணி ஊத்துறது வேண்டாம். வாசமும் இருக்காது, சமையல்கட்டு அண்ணன் சொன்ன கணக்கும் தப்பிப் போகும்.

கணக்கப்பிள்ளை (மஸ்கெலியா)

ஒரு குறுக்கு வழி. எலுமிச்சைச் சாறு ஊற்றி, மேலே ஒரு சிட்டிகை அப்பச்சோடா. புளிப்பு முறிந்துவிடும், பல்லும் தப்பும். சரிதானே?

பிப்பெட் (பேராதனை)

முறியும், ஆனால் சிட்டிகையால் முறியாது. மேலே சொன்ன 0.6 கிராம் சிற்றிக் அமிலத்தை முழுதாகச் சமப்படுத்த ஏறத்தாழ 0.8 கிராம் அப்பச்சோடா வேண்டும். அதில் சோடியம் கிட்டத்தட்ட 0.2 கிராம். பிரஷர்காரர்கள் நாளுக்கு இரண்டு லீற்றர் குடித்தால் அது சும்மா விடுகிற அளவில்லை. ருசியோ எலுமிச்சையும் இல்லாமல் சோடாவும் இல்லாமல் சப்பென்று உப்புக்கரிக்கும். புளிப்பைப் போட்டு, பிறகு அதை முறிக்க இன்னொன்றைப் போடுவதற்குப் புளிப்பைப் போடாமலே இருக்கலாம்.

அப்பச்சோடாவுக்கு இரண்டு நல்ல இடம் உண்டு. ஒன்று, புளிப்பு ஏதும் சாப்பிட்ட பிறகு ஒரு கிளாஸ் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி கரைத்து வாய் கொப்பளித்துத் துப்புவது. மற்றது, வெலிமடை, நுவரெலியாத் தோட்டத்து மரக்கறியும் பழத்தோலும் கழுவுவது. லீற்றருக்கு 10 கிராம், இரண்டு தேக்கரண்டி, 12 முதல் 15 நிமிடம் ஊறவிட்டு ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். தோலின் மேலிருக்கும் மருந்து நன்றாகக் குறையும், உள்ளே ஊறினது போகாது. வெள்ளரியின் தோலைச் சீவிவிடுவது அதனால்தான்.

மூடுபனி (நானுஓயா)

பி.எச் பார்க்கிற கடுதாசி இங்க கிடைக்காது. வீட்டுல எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பிப்பெட் (பேராதனை)

சிவப்புக் கோவா (முட்டைக்கோஸ்). நுவரெலியாச் சந்தையிலேயே கிடைக்கும். 50 கிராம் மெல்லியதாக அரிந்து 200 மி.லீ சுடுதண்ணீரில் 10 நிமிடம் வைத்து வடியுங்கள், ஊதாத் தண்ணீர் வரும். மூன்று கண்ணாடிக் கிளாஸ்களை வெள்ளைக் கடுதாசி மேல் வையுங்கள். ஒன்றில் நீங்கள் குடிக்கிற வெறும் தண்ணீர், ஒன்றில் எலுமிச்சைத் தண்ணீர், நடுவில் சோதிக்க வேண்டியது, ஒவ்வொன்றும் 3 மேசைக்கரண்டி. எல்லாவற்றிலும் ஒரு மேசைக்கரண்டி கோவாத் தண்ணீர் ஊற்றுங்கள். எலுமிச்சைக் கிளாஸ் உடனே இளஞ்சிவப்பாகும். நடுக் கிளாஸ் வெறும் தண்ணீரின் நிறத்தோடு நின்றால் நல்லது, இளஞ்சிவப்புப் பக்கம் சாய்ந்தால் அந்தக் கலவை வேண்டாம். 5.2க்கும் 5.8க்கும் வித்தியாசத்தை இது காட்டாது. 3, 4 என்று கிடப்பதைக் கட்டாயம் காட்டிக்கொடுக்கும், வீட்டுக்கு அது போதும்.

சங்குப்பூவும் இதே வேலை செய்யும், அதைக் குடிக்கவும் செய்யலாம். காய்ந்த பூ 5, ஒரு லீற்றர் இலைத் தண்ணீர் சூடாக இருக்கும்போதே போடுங்கள். நீலமாக நின்றால் பெரிய புளிப்பில்லை. ஊதாவானால் சந்தேகப்படுங்கள். செவ்வூதா வந்தால் யாரோ சாறு பிழிந்துவிட்டார்கள்.

கொழுந்துக்கூடை (தலவாக்கலை)

ஹஹ, வீட்டுல யார் பிழிஞ்சாங்கனு கண்டுபிடிக்க இதைவிட வேற என்ன வேணும்.

பிள்ளைகளுக்கு? இலைத் தண்ணினா மூஞ்சியைச் சுளிக்குதுங்க. ஒரு கரண்டி கித்துள் பாணி விட்டா குடிச்சிடும். இயற்கையானதுதானே?

எனாமல் காவல் (கண்டி)

கிருமிக்கு இயற்கை, செயற்கை என்று பேதமில்லை. கித்துள் பாணி, தேன், சர்க்கரை, ஊறவைத்த முந்திரிகை (திராட்சை) வற்றல், பேரீச்சை எல்லாமே அதற்குச் சீனிதான். சீனி பட்ட சில நிமிடங்களில் பல்லில் படிந்திருக்கிற படலத்துக்குள் அமிலம் சுரந்து பி.எச் 5.5க்குக் கீழே போகும், ஏறி வர அரை மணி முதல் ஒரு மணி நேரம். பாடசாலைப் போத்தலில் பாணித் தண்ணீர் என்றால் ஒவ்வொரு இடைவேளைக்கும் இது புதிதாகத் தொடங்கும். பாற்பல்லின் எனாமல் மெல்லியது, தாங்காது.

சுளிக்கிற பிள்ளைக்கு வாசத்தைக் குறைத்துக் கொடுங்கள். ரம்பை மட்டும், அதுவும் லீற்றருக்கு 5 செ.மீ. அல்லது கறுவா 5 செ.மீ துண்டு ஒன்றும் ஏலக்காய் இரண்டும் தட்டிப் போட்டு 3 நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிட்டது. கறுவாவில் சீனி இல்லாமலே ஓர் இனிப்புச் சாயல் உண்டு. வீட்டில் பிரிஜ் இருந்தால் பள்ளி விட்டு வந்ததும் தர்பூசணி 100 கிராம் ஊறிய தண்ணீர், சாப்பாட்டோடு ஒரு கிளாஸ். தர்பூசணியில் 6 வீதம்போல சீனி, அதில் ஒரு பகுதிதான் தண்ணீரில் இறங்கும். சாப்பாட்டு நேரத்தில் பிரச்சினையில்லை, படுக்கைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தூக்கத்தில் உமிழ்நீர் மிகக் குறைவு. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இது எதுவும் வேண்டாம், தாய்ப்பால் மட்டும்.

இன்னொன்றும் சேர்க்கிறேன். அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் கிணற்று நீரில் புளோரைட்டு கூடிப் பல்லில் கறை விழுகிறது. மலைநாட்டுத் தண்ணீரில் பெரும்பாலும் அது மிகக் குறைவு. நமக்குப் புளோரைட்டு வருவது பற்பசையாலும் தேயிலையாலும்தான். தேயிலைச் செடி மண்ணிலிருந்து அதை இழுத்து இலையில் சேர்த்து வைக்கும். சீனி போடாத சாயத் தண்ணி (பால் விடாத தேநீர்) இந்த இழையில் சொன்ன எதற்கும் குறைந்ததல்ல. சீனி போட்டால் அந்தப் பேச்சே இல்லை.

கணக்கப்பிள்ளை (மஸ்கெலியா)

எலுமிச்சைத் தண்ணியை விடவே மாட்டேன் என்கிறவர்களுக்கு என்ன சொல்வது? காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் உடம்பு சுத்தமாகிறது என்று ஊரே சொல்கிறது.

எனாமல் காவல் (கண்டி)

உடம்பைச் சுத்தம் செய்ய ஈரலும் சிறுநீரகமும் சம்பளம் வாங்காமல் வேலை செய்கின்றன, எலுமிச்சை அதற்குத் துணை ஆள் அல்ல. ருசிக்காகக் குடிக்கிறார்கள் என்றால் தாராளமாக, முறையோடு. சாப்பாட்டோடு, ஒரே தடவையில், வாயில் வைத்துக் கொப்பளிக்காமல், முடிந்தால் குளிர வைத்து. சூடும் புளிப்பும் சேர்ந்தால் அரிப்பு வேகம் கூடும். முடித்ததும் வெறும் தண்ணீரால் வாய் அலசுங்கள். பல் துலக்குவதை அரை மணி முதல் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், அமிலம் பட்ட எனாமலின் மேல்தோல் மெதுத்திருக்கும். அந்த நேரத்தில் உமிக்கரியோ கரித்தூளோ போட்டுத் தேய்ப்பது, நனைந்த சுவரை உப்புத்தாளால் தேய்ப்பதுதான். கர்ப்பிணிகள் காலையில் வாந்தி எடுத்த பிறகும் இதே ஒழுங்கு: அலசுங்கள், பொறுங்கள், பிறகு துலக்குங்கள்.

புளிப்பாக ஏதாவது வேண்டும் என்றால் உப்புக் குறைத்த நீர்மோர் இருக்கிறது. அதன் பி.எச்சும் நாலரைப் பக்கம்தான், ஆனால் தயிரில் கல்சியமும் பொஸ்பேற்றும் நிறைந்திருப்பதால் எனாமலிலிருந்து அது எடுப்பதில்லை. பி.எச் மட்டும் போதாது என்று பிப்பெட் சொன்னதற்கு இது மற்றப் பக்கத்து உதாரணம்.

சொத்தையையும் அரிப்பையும் குழப்பாதீர்கள். சொத்தை ஓர் இடத்தில் பள்ளமாகும். அரிப்பில் பல் முழுக்க வழவழப்பாகும், முன்பல் நுனி கண்ணாடி போல ஊடு தெரியும், கடைவாய்ப் பல்லின் மேட்டில் சிறு குழி விழும், குளிர்தண்ணி கூசும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் போத்தலை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

சமையல்கட்டு 1868 (நுவரெலியா)

போத்தல் பற்றி யாரும் எழுதவில்லை. கடைத் தண்ணீர்ப் போத்தலை மாதக்கணக்கில் திருப்பித் திருப்பி நிரப்புவது வேண்டாம். உள்ளே கீறல் விழும், கீறலில் படலம் பிடிக்கும், தூரிகை வாய்க்குள் போகாது. அகல வாய் எவர்சில்வர் போத்தல் நல்லது. மூடியின் ரப்பர் வளையத்தை வாரம் ஒரு தடவையாவது கழற்றுங்கள். கராம்பும் இஞ்சியும் போட்ட நாற்றமும் கறுப்புப் புள்ளியும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அப்பச்சோடாத் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டுத் தேய்த்து, நன்றாக உலர்ந்த பிறகு பொருத்துங்கள்.

பீலிக்கரை (ஹட்டன்)

எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா மலைக்கு இப்படி வருது, பிழையிருந்தாத் திருத்துங்க. ராத்திரி ஒன்றரை லீற்றர் பீலித் தண்ணி. சேரத் தண்டு 3, ரம்பை 15 செ.மீ, இஞ்சி 5 கிராம் தட்டினது. தளதளனு 3 நிமிஷம். அடுப்பை அணைச்சு எலுமிச்சை இலை 5, 10 நிமிஷம் மூடி வச்சுத் துணியில வடிச்சு, மூடினபடியே ஆற விடுறது. காலையில போத்தல்ல நிரப்பி, வெயில் காலத்துல ரெண்டு ஐஸ் கட்டி. பகல்ல மிஞ்சினதை ஊத்திடுறது.

சமையல்கட்டு 1868 (நுவரெலியா)

அளவு சரி. ஆறின பிறகு காலை வரை பாத்திரத்திலேயே கிடக்க விடாதீர்கள். இலை போட்ட தண்ணீரும் ஒரு தடவை ஆறிவிட்டால் வெறும் கொதிதண்ணீர் போல நாள் கணக்கில் நிற்காது. காலையில் எழுந்து காய்ச்சினால் எல்லாவற்றிலும் நல்லது. ராத்திரியே செய்வதென்றால் வடித்த கையோடு, கொதிதண்ணீரால் அலசின எவர்சில்வர் போத்தலில் சூடாகவே ஊற்றி மூடிவிடுங்கள். காலையில் அதைத் திறக்காமலே கொண்டு போகலாம்.

அந்த ஐஸ் கட்டி, கொதித்து ஆறின தண்ணீரில் உறைய வைத்ததா, பைப்பில் பிடித்ததா?

பீலிக்கரை (ஹட்டன்)

பைப்புதான். சரி, ஐஸ் வேண்டாம், போத்தலைச் சுத்தி ஈரத்துணி கட்டிக்கிடலாம்.